இடம் மாறிய வாக்கியம்

வாழ்க்கை வரலாற்றைத் திரைக்குக் கொண்டுவருவோர் உண்மையை எவ்வளவு தூரம் அசைக்கலாம்? இவ்வினாவுக்கு 1942-இல் வெளிவந்த ‘தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்’ என்னும் அமெரிக்கப் படம் நல்ல இலக்கு. இயக்கியவர் சாம் வுட். பேஸ்பால் வீரர் லூ கெரிக்காக நடித்தவர் கேரி கூப்பர்.

கெரிக், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோரின் மகன். நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்காகத் தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடியவர். உடல் தளர்வதை உணர்ந்து, 1939 மே 2-இல் தம்மை ஆட்டத்திலிருந்து விலக்குமாறு தாமே கேட்டுக்கொண்டார். நரம்பை அரிக்கும் கொடுநோய் என்பது பின்னரே தெரிந்தது. 1941-இல், 37 வயதில் மறைந்தார். மறு ஆண்டே படம் வந்துவிட்டது.

1939 ஜூலை 4-இல் 60,000-க்கு மேற்பட்டோர் முன் அவர் ஆற்றிய விடையுரையே படத்தின் உச்சம். தம்மினும் பேறு பெற்றவர் உலகில் இல்லை என்னும் கருத்தைக் கெரிக் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அதன் பிறகே எவரெவரால் அப்பேறு வாய்த்தது என்று அடுக்கினார். அளவை நூலார் வழியில் நோக்கினால், மேற்கோள் முன்னும் ஏது பின்னும் நின்றன. படமோ அவ்வாக்கியத்தைப் பெயர்த்துக் கடைசியில் வைத்துவிட்டது. கண்ணீர் வருவதென்னவோ உண்மைதான், நானும் தப்பவில்லை. ஆயினும் இழப்பு சிறிதன்று. மைதானத்தைப் பேணும் பணியாளரையும், பரிசனுப்பிய எதிர்க்குழுவையும், தம் மகளோடு பிணங்கும்போதுகூட மருமகன் பக்கம் நிற்கும் மாமியாரையும் கெரிக் மறவாமல் நினைந்தார். படத்தில் இவர்களுக்கு இடமில்லை. பெரியோர் பெயர்கள் மட்டும் நின்றன. எளியோரை நினைத்த நன்றியே அவ்வுரையின் உயிர். பேச்சுப் போட்டிக்கு மாணவரைப் பழக்கும் ஆசிரியர்கள் இரண்டு உரைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

நோயுற்ற சிறுவனுக்காக ஒரே ஆட்டத்தில் இரண்டு ‘ஹோம் ரன்’ அடிப்பதாக வாக்களிக்கும் காட்சியும், அவன் பின்னர் நடந்து வந்து நிற்பதும் மிகைபடக் கூறலே. போர்க்காலத்துப் படம் அது. முகப்புரையே களத்தில் நிற்கும் இளைஞரை நினைவூட்டுகிறது. மக்களுக்கு அத்தகைய ஆறுதல் அன்று வேண்டியிருந்தது போலும்.

இறுதிக் காட்சியில் மட்டும் வுட் தம்மை அடக்கிக்கொண்டார். மரணப் படுக்கை இல்லை, ஒப்பாரியும் இல்லை. கெரிக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, வீரர்கள் செல்லும் இருண்ட வழியில் தனியே நடந்து மறைகிறார். பின்னால், ஆட்டத்தைத் தொடங்குமாறு நடுவரின் குரல் கேட்கிறது.