மேடைத் தொழிலும் போர்க்கால அரசியலும்: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

திறவுச்சொற்கள்: ஸ்பெஷல் நாடகம், விசுவநாததாஸ், கிட்டப்பா, போர்க்காலத் திரைப்படம், செங்கோட்டை

முன்னுரை

விடுதலைப் போராட்டத்தில் தமிழ் நாடக, திரைக் கலைஞர்கள் கொண்ட பங்கினைப் பற்றிய ஆய்வுக்குச் சு. தியடோர் பாஸ்கரனின் 'தி மெசேஜ் பேரர்ஸ்' (1981) என்னும் நூல் அடித்தளமிட்டது. அதன்பின் தமிழில் வெளிவந்த கட்டுரைகளுள் பல, தேசியப் பாடல்களையும் சிறைவாசங்களையும் தொகுத்துரைப்பதோடு நிறைவு கொள்கின்றன. கலைஞர் எத்தகைய தொழில்முறைக்குள் நின்று அரசியல் பேசினார் என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தை (1939–1945) விளங்கிக்கொள்ள அவ்வினா இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தனிக்கலைஞரின் மேடை

பாய்ஸ் கம்பெனிகளில் நடிகர் முதலாளிக்கும் வாத்தியாருக்கும் கட்டுப்பட்டவர். ஸ்பெஷல் நாடகத்திலோ நடிகர்கள் ஓர் இரவுக்கெனத் தனித்தனியே அமர்த்தப்பட்டனர். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் அனைவருக்கும் பொதுப் பனுவலாக இருந்தமையால் ஒத்திகையின்றியே மேடையேற முடிந்தது. அந்நெகிழ்ச்சியே அரசியலுக்கும் இடமளித்தது. 1886-இல் சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ், 'வள்ளி திருமண'த்தின் தினைப்புனக் காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாடலைப் பாடினார். கொக்கு எதனைக் குறித்தது என்பதை அவையினரும் அறிவர், காவலரும் அறிவர்.

இவ்வடிவத்துக்கு மறுபுறமும் உண்டு. பேசும் உரிமை தனியாளுக்கு உரியதாகவே, தண்டனையும் தனியாளையே சார்ந்தது. சிறைப்பட்ட நாளில் ஊதியம் இல்லை. தாங்கிக்கொள்ளக் கம்பெனியும் இல்லை. போர் ஆதரவு நாடகங்களில் நடித்தால் கடன்கள் தீர்க்கப்படும் என்று ஆளுநர் தரப்பிலிருந்து வந்த அழைப்பை அவர் மறுத்தார் என வாழ்க்கைக் குறிப்புகள் சில கூறுகின்றன. இதனை ஆவணச் சான்றாகக் கொள்வதினும் வழக்காறாகக் கொள்வதே பொருந்தும். ஆயினும், வறுமையும் கொள்கையும் ஒரே மனிதரிடம் மோதியதை மக்கள் நினைவு எவ்வாறு பதிந்து வைத்தது என்பதற்கு அது சான்றாகும். 31.12.1940 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

முதலீட்டின் மேடை

திரைத்துறையில் நிலை வேறு. கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாக பூமி' 1939-இல் வெளியானது. அவ்வாண்டு அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. 1940-இல் படம் தடைசெய்யப்பட்டது. அதே இயக்குநரே 1945-இல் போர் ஆதரவுப் படமான 'மானசம்ரட்சண'த்தை உருவாக்கினார். மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி'யும் அவ்வாண்டே வந்தது.

இதனைக் கொள்கைத் துறவு என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. கச்சாப் பிலிம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்குள் வரையறுக்கப்பட்டது. பிலிம் இன்றிப் படப்பிடிப்பு நிலையம் இல்லை. அது மூடினால் தொழிலாளர் பலருக்கு வேலையும் இல்லை. மேலும், சோவியத் ஒன்றியம் தாக்கப்பட்ட பின் இடதுசாரியினர் போரை மக்கள் போராகக் கண்டனர். எனவே போர் ஆதரவு அனைத்தையும் அச்சத்தின் விளைவாக மட்டும் காண்பதும் குறைபாடுடையதே.

எல்லை வட்டாரம்

இத்தொழில்சார் நோக்கோடு ஆட்சி எல்லையையும் இணைத்துக் காணத் தென்காசி வட்டாரம் தக்க களம். தென்காசியும் குற்றாலமும் பிரித்தானியரின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தவை. சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை திருவிதாங்கூரையும், பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியையும் சார்ந்தது. இரண்டையும் கொல்லம் இருப்புப்பாதை இணைத்தது. ஆனால் ஆட்சியும் காவல்துறையும் வேறு.

செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) போருக்கு முன்பே மறைந்தார். அவரைப் பற்றிய எழுத்துகள் குரல்வளத்தையே மிகுதியும் போற்றுகின்றன. அவர் துணைவியார் கே.பி. சுந்தராம்பாள் பின்னர்க் காங்கிரஸ் பிரசார மேடைகளில் பாடியதைத் தனிமனிதப் பற்றாகவே விளக்குகின்றன. 1876-ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வழங்கிய அதிகாரம் எல்லைக்கு இப்பால் எவ்வாறு செயற்பட்டது, அப்பால் நிலை என்ன என்பதைச் சென்னை, திருவனந்தபுரம் ஆகிய இரு ஆவணக் காப்பகங்களையும் ஒப்பிட்டே அறிய இயலும்.

முடிவுரை

ஸ்பெஷல் நாடக நடிகருக்கு இழப்பதற்குத் தம் உடலும் ஊதியமும் இருந்தன. திரைப்பட நிறுவனத்துக்கு முதலீடும் உரிமமும் இருந்தன. எதிர்ப்பும் இணக்கமும் கலைஞரின் மனவுறுதியால் மட்டுமன்றி, அவர்தம் தொழில்முறையாலும் வடிவம் பெற்றன. தியாகிகளின் பட்டியலுக்கு அப்பால் ஊதியம், ஒப்பந்தம், உரிமம், எல்லை ஆகியவற்றையும் சேர்த்துக் கற்கும்போதே அத்தியாகத்தின் உண்மையான விலை புலப்படும்.