இருபது முகப் பகடை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது டிராகனும் இல்லை, மந்திரவாதியும் இல்லை. அந்த இருபது முகப் பகடைதான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஆட்டத்தைக் கொண்டுவந்த காலத்தில் கிடைத்த பகடையில் 20 என்ற எண்ணே கிடையாது. 0 முதல் 9 வரை இரண்டு தடவை பொறித்திருக்கும். பாதி முகங்களுக்கு வேறு நிறம் பூசிக்கொண்டு, அந்த நிறம் விழுந்தால் பத்தைக் கூட்டிக்கொள்வார்கள். பிளாஸ்டிக்கும் மட்டம்; உருட்ட உருட்ட முனை மழுங்கி, கோலிக்குண்டு மாதிரி ஓடும். பின்னால் வந்த பெட்டிகளில் பகடையோடு ஒரு கிரேயானும் இருந்தது. எண்களின் பள்ளத்தில் தேய்த்து நிரப்பிக்கொள்வது வாங்கியவர் பாடு.

அன்றைய கணக்கும் தலைகீழ்தான். கவசம் உறுதியாக உறுதியாக அதன் எண் குறையும்! 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதை நிமிர்த்தியது: பகடையை உருட்டு, திறனைக் கூட்டு, இலக்கை எட்டினால் ஜெயம். 2014இன் ஐந்தாம் பதிப்பு இன்னும் அழகு. நிலைமை சாதகமா, இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடு; பாதகமா, சிறியதை எடு. சின்னச் சின்னக் கூட்டல் கழித்தல் பலவற்றுக்கு இது ஒன்றே போதும். சோம்பேறித்தனம் என்பார்கள் சில பழைய ஆட்டக்காரர்கள். அட்டவணை புரட்டியே பாதி ராத்திரியைக் கழித்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்?