புயல் பொய்யாகலாம், உருளைக்கிழங்கு பொய்யாகக் கூடாது

ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ நாவல் ஒரு புயலில் தொடங்குகிறது. மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீச, ஆய்வுக்குழு செவ்வாயை விட்டு அவசரமாகக் கிளம்புகிறது. மார்க் வாட்னி மட்டும் மாட்டிக்கொள்கிறான். அப்படியொரு புயல் அங்கே அடிக்க வழியில்லை. செவ்வாயின் காற்றுக்கு நம் காற்றில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு அடர்த்திதான். அந்த வேகத்தில் வீசினாலும், இங்கே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு உள்ள தள்ளுவிசையே அதற்கு இருக்கும். மொட்டைமாடிக் கொடியில் துணி படபடக்கும், ராக்கெட் சாயாது. வியருக்கும் இது தெரியும். கதைக்காகச் செய்த சமரசம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

இந்தப் பிழையை நான் பொறுத்துக்கொள்வேன். புயல் அவனைச் சிக்கலில் தள்ளுகிறது, அவனைக் காப்பாற்றவில்லை. சிக்கலுக்குள் போக ஆசிரியர் எந்தக் கதவையும் திறக்கலாம். வெளியே வரும் வழியில்தான் அறிவியல் பிசகக் கூடாது.

உருளைக்கிழங்கு பயிரிட வாட்னிக்குத் தண்ணீர் வேண்டும். மிச்சமிருக்கும் ஹைட்ரசின் எரிபொருளை இரிடியம் வினையூக்கியின் மேல் சொட்டுச் சொட்டாக விடுகிறான். அது நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிகிறது. ஹைட்ரஜனை எரித்தால் நீர். வேதியியல் சரி. எரியாத ஹைட்ரஜன் கூடாரத்தில் தேங்கிவிட, அது வெடிக்காமலிருக்க உள்ளே ஆக்சிஜனைக் குறைத்துவிட்டு முகமூடி வழியாகச் சுவாசிக்கிறான். ஆனால் நுரையீரல் இழுக்கும் ஆக்சிஜன் முழுவதையும் உடல் எடுத்துக்கொள்வதில்லை. அவன் வெளிவிட்ட மூச்சிலேயே மிச்ச ஆக்சிஜன் கூடாரத்தில் சேர்ந்து வெடிக்கிறது. துல்லியத்தின் பயன் இதுதான். இந்த வெடிப்பை ஆசிரியர் தம் வசதிக்குக் கொண்டுவரவில்லை, விதி கொண்டுவந்தது. வாசகரும் முன்கூட்டியே யோசித்திருக்க முடியும். அதனால்தான் அதிர்ச்சி உறைக்கிறது.

ஜூல் வெர்ன் 1865-இல் ஏறத்தாழ 270 மீட்டர் நீளப் பீரங்கியால் மூவரை நிலவுக்குச் சுட்டார். விடுபடு வேகத்தைச் சரியாகவே போட்டார். ஃபுளோரிடாவை ஏவுதளமாக்கியதும் நல்ல கணிப்பு. ஆனால் அவ்வளவு குறுகிய குழாயில் அந்த வேகத்தை எட்டினால் உள்ளிருப்பவர்கள் மீது புவியீர்ப்பைப்போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேலான விசை அழுத்தும். 1901-இல் எச். ஜி. வெல்ஸ் ஈர்ப்பை மறைக்கும் ‘கேவரைட்’ என்ற பொருளைக் கற்பித்து அதே நிலவுக்கு ஆள் அனுப்பினார். அப்படியொரு பொருள் கிடையாது. என்றாலும் அந்த ஒரே பொய்யைச் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் அதற்குக் கட்டுப்பட வைத்தார். என் கணக்கில் வெல்ஸ்தான் நேர்மையான கதைசொல்லி.

வாசகரின் திருத்தம் சில சமயம் கதையை வளர்க்கவும் செய்யும். லாரி நிவன் 1970-இல் ‘ரிங்வேர்ல்ட்’ எழுதினார்; ஒரு விண்மீனைச் சுற்றி ஒரு மாபெரும் வளையம். அது நிலையாக நிற்காது, மெல்ல நகர்ந்து விண்மீனில் மோதிவிடும் என்று வாசகர்கள் காட்டினார்கள். அடுத்த நாவலின் நெருக்கடியே அதுவாயிற்று.

துல்லியத்தை மட்டும் நம்பினால் அது காலாவதியாகும் அபாயமும் உண்டு. புதன் ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டுகிறது என்ற அன்றைய அறிவை வைத்து 1964-இல் கதை எழுதியவரும் இதே நிவன்தான். 1965-இல் ரேடார் அதைப் பொய்யாக்கியது. இதற்கு எழுத்தாளரைக் குறை சொல்ல முடியாது.

வியரைக் குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. செவ்வாய் மண்ணில் தைராய்டைப் பாதிக்கும் பெர்குளோரேட் இருப்பதை ஃபீனிக்ஸ் கலம் 2008-இலேயே கண்டது. வாட்னியின் கிழங்கு அந்த மண்ணில்தான் விளைகிறது. கழுவினால் போய்விடும் உப்புதான். ஆனால் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும், அவனிடம் இருப்பதோ அரும்பாடுபட்டுச் சேர்த்த தண்ணீர். எவ்வளவு நல்ல அத்தியாயம் கைநழுவிப் போயிற்று! புயலைவிட இதுவே எனக்குப் பெரிய குறை.

அதைவிடவும் பெரியது ஒன்று உண்டு. ஒன்றரை ஆண்டு தனிமையில் கிடந்தும் வாட்னியின் மனம் மாறுவதே இல்லை. முதல் நாள் அடித்த அதே கேலியைக் கடைசிவரை அடிக்கிறான். 2010-11-இல் மாஸ்கோவில் ஆறு பேர் 520 நாள் அடைபட்டிருந்த செவ்வாய்ப் பயண ஒத்திகையில், நாளாக ஆக அவர்களின் நடமாட்டம் குறைந்தது, சிலருக்குத் தூக்கம் குலைந்தது. அதுவும் அறிவியல்தான். ஹைட்ரசினுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை வியர் அந்த மனத்துக்கும் கொடுத்திருக்க வேண்டும்.