துயரத்தின் உபயோகம்

பாத்திரம் மெலிந்து கிடக்கிறதா, அதற்கு ஒரு சாவைக் கொடு. நம் கதைகள் பலவற்றில் இதுதான் வைத்தியம். பாத்திரம் அழுமுன்பே ஆசிரியர் அழுதுவிடுகிறார். வாசகனுக்குச் செய்ய ஏதும் மிஞ்சுவதில்லை.

புதுமைப்பித்தன் (1906–1948) 'செல்லம்மாள்' கதையைச் சாவிலேயே தொடங்குகிறார். பட்டணத்து ஜவுளிக் கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை. நெடுநாள் நோயாளியான மனைவி. உறவினர் வெகு தொலைவில். அவள் மூச்சு ஒடுங்கியதும் அவருக்குத் துக்கம் பொங்கவில்லை. சுமை இறங்கிய ஆசுவாசம்தான். பிறகு வெந்நீர் போட்டு உடலைக் குளிப்பாட்டுகிறார். இது கல்நெஞ்சா? கதை பின்னோக்கிப் போகும்போது விடை கிடைக்கிறது. சமைத்து வைத்து, ஒற்றடம் கொடுத்து, கடைக்கும் வீட்டுக்குமாக ஓடிய நாட்களில் அன்பும் அலுப்பும் பிரிக்கமுடியாதபடி ஒரே உழைப்பாகிவிட்டன. சாவு வருமுன்பே துக்கம் தவணை தவணையாகச் செலவழிந்துவிட்டது.

செகாவின் 'துயரம்' (1886) கதையில், மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன் அயோனா தன்னை ஏசும் சவாரிக்காரர்களோடு சேர்ந்து சிரிக்கிறான். மனிதர் யாரும் கேட்காமல், கடைசியில் குதிரையிடம் பேசுகிறான். அன்று ஓட்ஸுக்குக் காசு தேறாததைச் சொல்லிவிட்டுத்தான் மகன் செத்ததைச் சொல்கிறான்.

ஒருவரிடம் ஆசுவாசம், மற்றவனிடம் சிரிப்பு. துயரத்துக்குப் பொருந்தாதவையாகத் தோன்றும் இவற்றை எழுதக் கூசுகிறவன் துயரத்தையும் எழுதுவதில்லை. பாத்திரத்துக்குக் கொஞ்சம் பரிதாபம் சம்பாதித்துக் கொடுக்கிறான், அவ்வளவே.