இடம் பெயர்ந்தும் நிலைத்தவை: உறுதியைச் சொல்லும் சொற்கள் குறித்து ஓர் ஆய்வு

சிங்கப்பூரின் கேலாங் ஈஸ்ட் வட்டாரத்தில் எண்கோண வடிவில் எழுந்து நிற்கும் சிவன் கோயில், முதலில் தோன்றிய இடத்தில் இன்று இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆர்ச்சர்ட் சாலையின் டோபி காட் பகுதியில் இருந்த அந்தக் கோயில், பெருவிரைவு ரயில் பாதைக்காக 1983-ல் இடம்விட்டது. அதன்பின் சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலை அடுத்துத் தற்காலிகமாகக் குடியிருந்தது. 1993 மே மாதம் கேலாங்கில் குடமுழுக்குக் கண்டது. மண் மாறியது, தெரு மாறியது, வழிபாடு தொடர்கிறது.

இப்படிப்பட்ட நிலைபேற்றை எந்தச் சொல்லால் சொல்வது? ஆங்கிலத்தில் முதலில் நினைவுக்கு வருவது ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’. ‘ஸ்டெட’ என்றால் பழைய ஆங்கிலத்தில் இடம். ‘ஃபாஸ்ட்’ என்றால் அசையாமல் பற்றிய. நின்ற இடத்தை விட்டு நகராதது என்பதே அதன் சொற்பொருள். அந்தப் பொருளில் பார்த்தால் இந்தக் கோயிலுக்கும் அந்தச் சொல் பொருந்தாது, கடல் கடந்து வந்த நமக்கும் பொருந்தாது. பொருந்தும் சொல் ஒன்று அதன் பக்கத்திலேயே இருக்கிறது: ‘ஸ்டால்வர்ட்’.

கப்பலுக்குச் சொன்ன சொல்

இன்று செய்தித்தாள்களில் ‘கட்சியின் ஸ்டால்வர்ட்’ என்று படிக்கிறோம். உடல் வலுவும் கொள்கைப் பிடிப்பும் சேர்ந்த ஒருவரைக் குறிக்கும் சொல் இது. அதன் பழைய வடிவத்தில் இரண்டு கூறுகள் உள்ளன. பின்கூறு ‘தகுந்த’ என்று பொருள்படும், அதில் ஐயமில்லை. முன்கூறு பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. அடித்தளத்தைக் குறிக்கும் ‘ஸ்டதோல்’ என்ற சொல்லின் குறுக்கம் அது என்பது ஒன்று. இடத்தைக் குறிக்கும் வேறொரு சொல் என்பது மற்றொன்று. முதல் கருத்தின்படி ஸ்டால்வர்ட் என்பவர் கடைக்காலாக இருக்கத் தகுந்தவர்.

எனக்கு இந்தக் கருத்து வேறுபாட்டை விடச் சிறப்பாகத் தோன்றுவது, அந்தச் சொல் முதலில் எதற்குப் பயன்பட்டது என்பதுதான். ஆங்கிலோ-சாக்சன் காலக்குறிப்பில், 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த நிகழ்ச்சி ஒன்று பதிவாகியிருக்கிறது. ஆல்ஃபிரட் மன்னர் லீ ஆற்றின் போக்கை அடைத்ததால் டேனியர்கள் தங்கள் கப்பல்களை விட்டுவிட்டுப் போனார்கள். லண்டன் மக்கள் கொண்டுசெல்ல முடியாத கப்பல்களை உடைத்துப்போட்டார்கள். பயன்படத் தகுந்தவற்றை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் ‘தகுந்த’ கப்பல்களைத்தான் காலக்குறிப்பு இந்தச் சொல்லால் அழைக்கிறது. மனிதரின் மனவுறுதிக்கு ஏறுமுன் அந்தச் சொல் மிதக்கும் மரத்துக்கு உரியதாக இருந்தது. பிறகு அது இங்கிலாந்தில் ‘ஸ்டால்வர்த்’ என்று வழங்கியது. ஸ்காட்லாந்தில் ‘ஸ்டால்வர்ட்’ ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்ட்டர் ஸ்காட் அந்த வடிவத்தைத் தம் எழுத்தில் கையாள, ஆங்கிலம் முழுவதும் அதையே ஏற்றுக்கொண்டது.

‘ஸ்டான்ச்’ என்ற சொல்லும் இப்படித்தான். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அதன் முதற்பொருள் நீர் புகாதது. ஒழுகாத கப்பல் பிறகு விலகாத நண்பனுக்கு உவமையானது. கப்பலின் வலு நகராமல் இருப்பதில் இல்லை. அலை மாறினாலும் ஏறியவரைத் தாங்குவதில் இருக்கிறது.

மரமும் வைரமும்

உறுதிக்கு உருவம் தேடிய மொழிகள் பலவும் மரத்திடம் போயிருக்கின்றன. லத்தீனில் ‘ரோபர்’ என்றால் ஓக் மரம். வலிமைக்கும் அதுவே பெயர். ‘ரோபஸ்ட்’ அதன் வழி வந்தது. தமிழோ மரத்தின் உள்ளேயே நுழைந்து பார்த்தது. தொல்காப்பியத்தின் மரபியல், அகக்காழ் உடையவற்றை மரம் என்றும் புறக்காழ் உடையவற்றைப் புல் என்றும் வகுக்கிறது. பனையும் மூங்கிலும் வெளியே வலுத்து உள்ளே மென்மையானவை, ஆகவே புல். தேக்கு உள்ளே வலுத்தது, ஆகவே மரம். திண்மை எங்கே உறைகிறது என்பதை வைத்தே தாவரங்களைப் பிரித்த மரபு இது. காழ் என்ற அந்தச் சொல் இன்று தச்சர்களிடம் வைரம் என்று வழங்குகிறது. வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்லும்போது அந்தப் பழைய பாகுபாடு நம் நாவில் இன்னும் வாழ்கிறது.

மரத்தை விட்டுக் காலுக்கு வந்தால் ‘தாள்’ இருக்கிறது. பாதம், தண்டு, முயற்சி என மூன்றும் அதன் பொருள்கள். தாளாண்மை அதிலிருந்து வந்தது. கைக்கு வந்தால் உடும்புப்பிடி. ஆங்கிலத்தின் ‘டெனாசிட்டி’ பிடித்திருத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையில் பிறந்தது. நம் சொல் அந்தப் பிடிக்கு ஓர் உயிரையே காட்டுகிறது. நெஞ்சுக்கு வந்தால் உரம். திருக்குறளில் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை, வினைத்திட்பம் என நான்கு அதிகாரங்கள் இதே பண்பைத் தனித்தனியாக ஆராய்கின்றன. செயலுக்குமுன் வேண்டிய எழுச்சி, செயலில் வேண்டிய உழைப்பு, துன்பத்தில் வேண்டிய தாங்கும் திறன், முடிக்கும்வரை வேண்டிய உறுதி ஆகியவை நான்கும் வேறு வேறு என்று வள்ளுவர் கண்டிருக்கிறார். ஒரே ஆங்கிலச் சொல்லால் அவை அனைத்தையும் மூடிவிட முடியாது.

கடைக்காலுக்கும் சிங்கப்பூர் மண் ஒரு பாடம் தருகிறது. காலாங் ஆற்றுப் படுகையைச் சுற்றிய நிலம் மென்மையான கடற்களிமண். இத்தகைய நிலத்தில் பழைய கட்டடங்களை எழுப்ப, ‘பக்காவ்’ எனப்படும் அலையாத்தி மரத்தின் கழிகளை நெருக்கமாக அடித்து இறக்கினார்கள். நிலத்தடி நீரில் முழுதும் மூழ்கியிருக்கும்வரை, காற்றுப்படாத அந்த மரம் எளிதில் மட்காது. மேலே பார்ப்பவருக்குச் சுவர் மட்டுமே தெரியும்.

உறுதி தடம் மாறும் இடம்

உறுதிச் சொற்கள் எல்லாமே நற்பண்பில் பிறக்கவில்லை. நற்பண்பிலேயே முடியவும் இல்லை. இன்று கட்டுமஸ்தான என்ற பொருளில் வழங்கும் ‘ஸ்டர்டி’, பழைய பிரெஞ்சில் மதிமயங்கிய, முன்பின் பாராத ஒருவரைக் குறித்தது. நம்மிடம் ‘வைராக்கியம்’ எதிர்ப்பக்கமிருந்து வந்தது. வடமொழியில் பற்றின்மையைக் குறித்த அந்தச் சொல், தமிழ்ப் பேச்சில் விடாப்பிடியான தீர்மானம் ஆகிவிட்டது. காழ் என்ற சொல்லின் கிளையான ‘காழ்ப்பு’ இன்று பகையை மட்டுமே சுட்டுகிறது. உள்ளே இறுகியது சில நேரம் வைரமாகிறது, சில நேரம் வன்மமாகிறது.

அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் ஒரு பிரிவு ‘ஸ்டால்வர்ட்’ என்ற பெயரையே சூடிக்கொண்டது. 1880-ல் யுலிசிஸ் கிராண்ட் மூன்றாம் முறை அதிபராக வேண்டும் என்று நின்றவர்கள் அவர்கள். வேண்டியவர்களுக்கு அரசுப் பதவி வழங்கும் முறையைக் காத்து நின்றவர்களும் அவர்களே. யாருக்காக, எதைத் தாங்கி நிற்கிறோம் என்ற கேள்வி இல்லாதபோது உறுதி வெறும் பிடிவாதமாகக் குறுகிவிடும்.

சிங்கப்பூர்த் தமிழில்

இந்த நகரத்தின் பொதுவாழ்வு உறுதிச் சொற்களை நாள்தோறும் தமிழாக்குகிறது. 1984-ல் தொடங்கிய முழுமைத் தற்காப்பு, 2014-ல் சிறப்பிக்கப்பட்ட முன்னோடித் தலைமுறை, ‘ரெசிலியன்ஸ்’ என்பதற்கு வழங்கும் மீள்திறன் ஆகியவை நல்ல ஆக்கங்கள். ‘ரெசிலியன்ஸ்’ துள்ளித் திரும்புதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததால் மீள்திறன் அதற்குச் சரியாகவே அமைந்திருக்கிறது. ஆனால் கேலாங்கின் ‘லோரோங்’ எனப்படும் சந்துகளில் வாடகை அறைகளில் தங்கி வேலைக்குப் போகும் ஊழியர்களிடையே நாம் கேட்கும் சொல் வேறு: தாக்குப்பிடிப்பது. அடி விழும்போதே நிற்பதைச் சொல்லும் சொல் அது. மீள்வது அடிக்குப் பிந்தியது. இரண்டும் நமக்குத் தேவை.

‘ஸ்டால்வர்ட்’ என்பதை மட்டும் நாம் சரியாகக் கொண்டுவரவில்லை. ‘மூத்த தலைவர்’ என்று எழுதிவிடுகிறோம். வயதும் பதவியும் அந்தச் சொல்லில் இல்லை. தாங்கும் தகுதி மட்டுமே இருக்கிறது. 1935-ல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி நிச்சயமாக ஒரு ஸ்டால்வர்ட். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம்பெற ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதிக்கு அவர் அழைப்பு விடுத்தபோது, தங்கள் உழைப்பில் மிச்சம் பிடித்துக் கொடுத்த எளிய மக்களும் அதே சொல்லுக்கு உரியவர்களே. அவர்கள் பக்காவ் கழிகளைப் போல நிலத்தடியில் நின்றார்கள்.

தமிழில் அதற்குத் ‘தூண்’ என்ற சொல் முன்பே இருக்கிறது. குடும்பத்தின் தூண், சங்கத்தின் தூண் என்று நம் வீடுகளில் சொல்கிறோம். அதையே பயன்படுத்துவோம், உள்ளுறுதியைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வைரம் பாய்ந்த’ என்று எழுதுவோம். மொழிபெயர்ப்பாளர்களிடமும் செய்தியாசிரியர்களிடமும் நான் கேட்பது இதுதான்: ஆங்கிலச் சொல்லின் உருவத்தைப் பாருங்கள், பிறகு அதற்கு இணையான உருவத்தைத் தமிழில் தேடுங்கள். கடல் கடந்து வந்த நம் முன்னோர் மண்ணைக் கையோடு கொண்டுவர முடியவில்லை. தாங்கும் தகுதியைக் கொண்டுவந்தார்கள், அதைச் சொல்லும் சொற்களையும் கொண்டுவந்தார்கள். அந்தச் சொற்களைப் புழக்கத்தில் வைத்திருப்பது நம் கடமை.