காது இல்லாத விமர்சனம்

இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வைக் கே.ஏ. குணசேகரன் பாட, அது சினிமாவின் தயவில்லாமல் ஊர் ஊராய்ப் போனது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் கோபம் அதில் இருந்தது. வரிகளைப் பற்றி நிறையப் பேசினோம். அந்தக் குரலைப் பற்றி? பாட்டை அச்சிலேற்றி, கவிதையாக வாசித்து, அரசியல் சரியா தப்பா என்று தீர்ப்பெழுதுவதே நமக்குத் தெரிந்த இசை விமர்சனம். சபா விமர்சகர்கள் ராகத்தைப் பேசிச் சாதியை மறைத்தார்கள். நாம் சாதியைப் பேசி ஒலியைக் கைவிட்டோம்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோதும் இதே கதைதான். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு அது. பெயர் அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ எனும் சொல்லாடலிலிருந்து வந்தது. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி என்று பாடுபொருளைப் பட்டியல் போட்டுப் பாராட்டிவிட்டுத் தோழர்கள் நகர்ந்துவிட்டார்கள். சட்டியும் கட்டமோளமும் பறையும் எலக்ட்ரிக் கிடாரும் ஒரே மேடையில் நிற்கும்போது எது எதற்கு இடம்விடுகிறது என்பதல்லவா அங்கே அரசியல்? மேடையில் பறை முன்னால் வருகிறது. பதிவில் கிடார் எல்லா இடைவெளியையும் நிரப்பி, தோல்கருவிகளை அலங்காரமாக்கிவிடும் இடங்கள் உண்டு. தீயில் காய்ச்சி ஏற்றிய தோலின் சத்தம் ஸ்டுடியோவின் சமன்பாட்டுக்குள் வரும்போது கொஞ்சம் நாகரிகப்பட்டுப் போகுது. இழவு வீட்டில் விடியவிடியப் பாடப்பட்ட கானாவின் கரகரப்பை யார் வழித்தெடுத்தார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

இசைவாணியின் குரல் இந்தச் சமனுக்கு அடங்குவதில்லை. கானா ஆண்களின் வெளி. அதற்குள் ஒரு பெண் குரல் நுழைந்ததே பெரிய உடைப்பு. 2024 நவம்பரில் அவருடைய ‘ஐ அம் சாரி ஐயப்பா’ பாட்டுக்கு எதிராகக் கூச்சல் போட்டவர்கள் வரியைத்தான் கேட்டார்கள். ஆதரித்த நாமும் வரியைத்தான் கேட்டோம். பாடினவளை ரெண்டு தரப்புமே கேக்கல.

அறிவும் ஓஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ வேறு வகை. ஹிப்ஹாப்பின் இயந்திரத் தாளத்தின் மேல் தமிழின் எதுகையும் மோனையும் குறில் நெடிலும் எப்படி உட்காரும் என்பதற்கு அது நல்ல பதில். வல்லின மெய்களையே தாளமாக அடிக்கிறார் அறிவு. ‘ஆன்டி இந்தியன்’ பாட்டில் வசவை வாங்கித் திருப்பி எறியும் வேகம் செல்லுபடியாகிறது. ஆனால் 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய ‘ஸ்னோலின்’ பாட்டுக்கு இந்த அடர்த்தி போதுமா? துக்கத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும். முழக்கம் ஓங்குகிற இடத்தில் கேட்பவன் தலையாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறான்.

2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகமெங்கும் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசை இதழின் அட்டையில் பாட்டை எழுதிய அறிவின் முகம் இல்லை. அதிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். சினிமாவுக்கு வெளியே வந்துவிட்டால் சுதந்திரம் என்கிற நம்பிக்கை என்னத்துக்கு ஆகும்? முதலாளி மாறினான், கணக்கு நோட்டு மட்டும் இன்னும் அவன் கையில்.

அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ (2024) அந்தப் பெயரைத் திரும்பப் பாட்டியிடம் கொண்டுபோகிறது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கென்று எண்ணிக்கையாகப் பிரித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய வள்ளியம்மாளை அந்த எண்ணிலிருந்து பிடுங்கி ஒரு ஆளாக்குகிறது தொகுப்பு. எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சிலதில் கூட்டத்தை ஆடவைக்கும் அவசரம் தெரிகிறது. சொல்லைக் குறைத்து மெட்டை இழுக்கவிட்ட இடங்களில் மட்டும், ‘ஸ்னோலின்’ பாட்டில் நான் தேடின அந்த மூச்சு கேட்கிறது.