படிவத்தில் இல்லாத நிரல்

அல்லைப்பிட்டியில் பிறந்து பிரான்சில் அகதியாக வாழும் ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) நாவல், ஓர் அகதி விண்ணப்பத்துடன் தொடங்குகிறது. இதை வெறும் உத்தி என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. ஊர் இழந்தவன் முதலில் எழுதுவது விண்ணப்பந்தான்.

இத்தாலிய வரலாற்றாசிரியரும் அரசியல் சிந்தனையாளருமான மாக்கியவல்லியும் அதைத்தான் செய்தார். 1512இல் பதவி போனது. 1513இல் சிறை, சித்திரவதை. பிறகு புளோரன்சுக்கு வெளியே பண்ணை வீட்டில் ஒதுங்கியிருந்து 'இளவரசன்' எழுதி, தன்னை ஒதுக்கிய மெடிசி குடும்பத்துக்கே காணிக்கையாக்கினார். திரும்ப வேலை வேண்டுமே! காணிக்கையுரையில் தன் காயத்தை விதியின் கொடுமை என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்.

ஷோபாசக்தி நிறுத்தவில்லை. விண்ணப்பத்தைத் தாண்டி, தீவுக் கிராமத்துச் சிறுவன் ராக்கிராஜிடம் போகிறார். சண்டியனான தகப்பன், இயக்கத்தில் சேர்தல், அதே இயக்கத்தின் கையில் வதைபடுதல் என்று கதை விரிகிறது. அதிகாரியிடம் சொல்லமுடியாத வெட்கமும் உடந்தையும் இங்கேதான் வருகின்றன. எதிரியை மட்டும் குற்றஞ்சாட்டியிருந்தால் இது பிரசாரமாகியிருக்கும். இயக்க அரசியல் தெரியாத வாசகருக்கு அடிக்குறிப்புகள் போதாது என்பது ஒரு குறைதான். ஆனாலும் தன் பக்கத்தையே கூண்டில் ஏற்றிய நேர்மை அதைவிடப் பெரிது.

இந்த நாவல் எனக்கு எங்கட வீட்டை ஞாபகப்படுத்தியது. வாப்பா புடவை மூட்டையோடு பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை என்று கடனுக்கு விற்றுத் திரிந்தவர். 1990 ஒக்ரோபர் 30இல் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றியபோது அவருடைய கடன் கொப்பி வீட்டிலேயே கிடந்தது. புத்தளத்தில் தந்த படிவத்தில் வீடு, நகை, தையல் மெசின் எல்லாவற்றுக்கும் நிரல் இருந்தது. கொப்பிக்கு இல்லை. "அதில காசு மட்டுமா கிடந்தது? சனமெல்லோ கிடந்தது" என்பார்.

பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், தானும் வெளியேற்றப்பட்ட வடபுல மக்களில் ஒருவராக நின்று, 'கொரில்லா' வந்த அதே 2001இல் எங்கட இழப்புகளை ஆய்வு நூலாக்கினார். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் நீதி கேட்க எங்களிடம் ஆதாரமே இருந்திராது. ஆனால் கணக்கும் ஒருவகை விண்ணப்பந்தான். தீவகத்துத் தமிழ் வாடிக்கையாளரும் வாப்பாவும் ஒருவரை ஒருவர் நம்பிய கதையை, அந்த நம்பிக்கை முறிந்தபோது யார் யார் பேசாமல் நின்றார்கள் என்பதை, நாங்களும் எங்கே பேசாமல் இருந்தோம் என்பதையும் சேர்த்து, இனி நாங்கள்தான் எழுதவேண்டும். அதற்கு 'கொரில்லா'வை ஒருமுறை வாசித்துவிட்டு உட்காருவது நல்லது.